கூடப்பிறந்தவர் கையெழுத்து

மிக்கேல்துறை
17.02.2025

சேசுவுக்கே புகழ்.

கஸ்பாருக்கு, மதலேனாள் எழுதுவது.

இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர. கடிதம் என்றால் எதிராளியின் சுகத்தையும் கேட்க வேண்டும் என்று நாலாம் வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை. அதனால் கேட்டு வைக்கிறேன், சுகமா? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் சிறையில் ஓர் அதிகாரி படித்துப் பார்ப்பார் என்று வக்கீல் சொன்னார். அந்த ஐயாவும் சுகமாக இருக்கட்டும்.

நாம் பேசி முப்பது வருடம் ஆகப்போகிறது. கடைசியாக நீ வந்தது 1995 நவம்பர் எட்டாம் தேதி, புதன்கிழமை, அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள். நீலக்கோடு போட்ட சட்டை. இடது கையில் பொத்தான் இல்லை. ஒன்பது நாள் கிடையில் கிடந்து, ‘கஸ்பார் வந்துட்டானா, கஸ்பார் வந்துட்டானா’ என்று கேட்டே அப்பா போய்ச் சேர்ந்தார். நீ மீன்பிடி வேலைக்குப் போன கொல்லத்துப் போட்டுக்காரர் விலாசத்துக்கு மூன்று தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை. எல்லாம் முடிந்தபிறகு வந்து நின்றவனைப் பார்த்துக் கதவைச் சாத்தினேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. பதினோரு வருடமாக நீ நாலு மைல் தள்ளிக் கீழத்துறை வலைக்கூடத்தில் காவல் இருப்பதும் தெரியும். திருவிழாவில் இரண்டு தரம் எதிரில் வந்தாய். நான்தான் பார்க்காத மாதிரி போனேன்.

வெள்ளிக்கிழமை வள்ளியூர் வக்கீல் தாணுமாலையன் வீட்டுக்கு வந்தார். உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டு பேர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு என்றார். ஒருவர் கிடைத்துவிட்டாராம், சைக்கிளில் மீன் விற்கும் பீர் முகம்மது. “ரத்த உறவுன்னு பாத்தா நீங்க ஒருத்திதான் ஆச்சி” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். போனில் பேசுங்கள் என்றார். முப்பது வருடப் பேச்சை நீர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டாம், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

யோசிக்கிறது இருக்கட்டும். மூன்று பேரை வலைக்கூடத்துக்குள் போட்டுப் பூட்டினாயாமே? அதில் ஒருவர் சர்க்கார் சர்வேயராமே? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தி நாலு பேர் என்கிறாள், ஒருத்தி அவர்களைக் கட்டிப்போட்டாய் என்கிறாள். நடந்ததை நடந்தபடி எழுது. எப்படி உள்ளே போனார்கள், நீ எப்படிப் பூட்டினாய், எத்தனை மணி நேரம், சாப்பிட என்ன கொடுத்தாய்? அங்கே உனக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் எழுது. உனக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுதினால் படிப்பேன்.

மதலேனாள்

*

பாளையங்கோட்டை
27.02.2025

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி கஸ்பார்.

நான் சுகம். உன் முழங்காலுக்கு என்ன செய்கிறாய்? கவரில் உன் எழுத்தைப் பார்த்தபோது யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன். பிரிக்க ஒரு நாள் ஆயிற்று.

நடந்தது இதுதான். ஜனவரி இருபதாம் தேதி திங்கட்கிழமை. மீன் காயவைக்கும் களத்தை ஒரு கம்பெனி கேட்கிறது என்று தெரிந்து, கீழத்துறைப் பெண்கள் அறுபது பேரும் கலெக்டரிடம் மனுக்கொடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துக் காலை ஒன்பதரைக்கு ஒரு வண்டி வந்தது. சர்வேயர் ஐயா, கம்பெனிக்காரர் ஒருவர், டிரைவர். வண்டியில் எல்லைக்கல். “மத்தியானத்துக்குள்ள நட்டுட்டுப் போயிரணும். அதுவரைக்கும் கல்லை வலைக்கூடத்துக்குள்ள வச்சுக்கிடுதோம், எடத்தைக் காட்டும்வே” என்றார்கள். காட்டினேன். மூவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டேன். போடும்வரை போடப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

யாரையும் கட்டவில்லை, தொடவும் இல்லை. “அறுவது பேரும் சாயந்தரம் வருவாவ. அவுக முன்னால கல்லை நடுங்க, நான் தொறந்து விடுதேன்” என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். கம்பெனிக்காரர் கத்தினார், போலீசுக்குப் போன் போட்டார். மத்தியானம் நேசையா கடையில் மூன்று மீன்சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன். சர்வேயர் ஐயா சைவமாம். மீன்களத்துக்குக் கல் நடச் சைவக்காரரை அனுப்பியிருக்கிறார்கள். திரும்பப் போய் அவருக்குத் தயிர்சாதம் வாங்கி வந்தேன். டிரைவர் அவருடையதையும் சேர்த்து இரண்டு மீன்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வலைமேல் படுத்துத் தூங்கிவிட்டார். மூன்று மணிக்குப் போலீஸ் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன். ஐந்தரை மணி நேரம். கல் நடவில்லை.

இங்கே குறை ஒன்றும் இல்லை. முன்னைப் போல ஈயத்தட்டு கிடையாது, எல்லாம் ஸ்டீல். சோறு வெந்திருக்கிறது. புதிதாக வந்த பையன்கள் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கித் தொலைத்துவிட்டு அழுகிறார்கள். நான் முதல் நாளே செருப்பைத் துண்டில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டேன்.

வக்கீல் உன்னிடம் வருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். நீ யோசித்துச் சிரமப்பட வேண்டாம்.

மகள் ஆன்லினுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் அன்பு, நீ சொன்னால்.

தம்பி கஸ்பார்

*

மிக்கேல்துறை
06.03.2025

சேசுவுக்கே புகழ்.

கஸ்பாருக்கு. நான் சுகம். முழங்காலுக்கு எண்ணெய்தான். நேற்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். படிக்கிற ஐயாவுக்கும் தவசு காலத்து வணக்கம்.

தயிர்சாதம் வாங்கிக் கொடுத்ததைப் படித்து ஒருத்தியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆன்லின் போன் பண்ணும்போது, ‘என்னம்மா கொரல் ஒரு மாதிரி இருக்கு’ என்றாள். சளி என்றேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். ‘முன்னைப் போல ஈயத்தட்டு கிடையாது’ என்று எழுதியிருக்கிறாய். முன்னை என்றால் எப்போது? ஜெயிலுக்குள் ஈயத்தட்டு இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? செருப்பை முதல் நாளே துண்டில் சுற்றி இடுப்பில் கட்ட உனக்கு யார் சொன்னது? முதல் தடவை போகிறவன் செருப்பைத் தொலைப்பான். நீயே எழுதியிருக்கிறாய். நீ தொலைக்கவில்லை.

எந்த ஜெயில், எந்த வருடம், எத்தனை நாள்?

ஜாமீன் விஷயமாக வக்கீல் மறுபடியும் வந்தார். வீட்டுப் பட்டா, வரி ரசீது, வீடு எனக்கு எப்படி வந்தது என்கிற காகிதம் எல்லாம் கேட்டார். பெட்டிச் சாவி ஆன்லினிடம் வள்ளியூரில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். தேட வேண்டும். பழைய காகிதம். நாளாகும்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

மதலேனாள்

*

மிக்கேல்துறை
02.04.2025

சேசுவுக்கே புகழ்.

கஸ்பாருக்கு. நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தரம் மெய்யாகவே கேட்கிறேன். நாலு வாரம் ஆகிறது, பதில் இல்லை.

கோபமா? கோபம் என் வேலை. அதை நீ எடுத்துக்கொள்ளாதே.

பீர் முகம்மது நேற்று சைக்கிளை என் வாசலில் நிறுத்தினார். முப்பது வருடமாக இந்தத் தெருவில் மீன் விற்கிறவர், என் வாசலில் மட்டும் நிற்கமாட்டார், நீ அவர் சேக்காளி என்பதால். “மீன் விக்க வரல. ஒரு வார்த்தை கேக்க வந்தேன்” என்றார். “கேளும்” என்றேன்.

“எனக்கும் கஸ்பாருக்கும் என்ன சம்பந்தம்? நான் ஒரு மார்க்கம், அவன் ஒரு மார்க்கம். மீன் எடுத்த பழக்கம். நான் எங்க வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு போயி வக்கீல்ட்ட குடுத்துட்டேன். ஒரே பால் குடிச்ச நீங்க பெட்டிச் சாவியத் தேடிக்கிட்டு இருக்கிய. அந்தச் சாவி என்ன கடல்லயா விழுந்துட்டு?”

எனக்கு ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. “ஒரு கிலோ சாளை போடும்” என்றேன். போட்டுவிட்டுப் போனார். அவரை என் கோபக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை.

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அதற்குமேல் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது, படிக்கிற ஐயா மன்னிக்க வேண்டும்.

நீ எந்த ஜெயிலில் இருந்தாய்?

மதலேனாள்

*

பாளையங்கோட்டை
09.04.2025

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காளுக்கு. கோபம் இல்லை. நெஞ்சுச் சளி. பதினெட்டு நாள் இங்கே ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தேன். மருந்து நல்ல மருந்து. இப்போது எழுந்து நடக்கிறேன்.

பீர் அண்ணாச்சி பேசியதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவருக்கு விவரம் தெரியாது.

சாவி எங்கே இருக்கிறது என்பதும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும் அக்கா. 1998-ல் வேறு வேலையாகத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது அதன் நகலைப் பார்த்தேன். அதனால் நீ அதைப் பற்றி எனக்கு விளக்கி எழுத வேண்டாம், இங்கே அனுப்பும் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.

வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு இரத்த உறவு யாரும் உயிரோடு இல்லை என்று நான் சத்தியக் கையெழுத்துப் போட்டு மனுக்கொடுத்தால், வெளியாள் இரண்டு பேர் போதும் என்று கோர்ட்டு உத்தரவை மாற்றலாமாம். வக்கீல் முகத்தைச் சுளித்தார். “ஒங்க அக்காவ நான் நேர்ல பாத்துட்டு வந்துருக்கேன். தெரிஞ்சுக்கிட்டு எப்படிவே மனுப் போடுவேன்?” என்றார். “தாலுகா ஆபீஸ்ல போயிப் பாருங்க. சர்க்கார் காயிதத்துல எனக்கு அக்கா கெடையாது” என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து மனுவை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மே மாதம் கோர்ட்டு லீவு. ஜூனில் விசாரணைக்கு வருமாம்.

உனக்கு ஒரு சிரமமும் இல்லை. வீட்டுக்கும் இல்லை.

தம்பி கஸ்பார்

*

மிக்கேல்துறை
15.04.2025, பெரிய வாரம், செவ்வாய்

சேசுவுக்கே புகழ்.

கஸ்பாருக்கு. நான் சுகமாக இல்லை. உன் கடிதம் வந்து மூன்று நாள் தூக்கம் இல்லை. படிக்கிற ஐயா, இந்தக் கடிதத்தை நீங்கள் முழுதும் படியுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

1996 பிப்ரவரியில் அப்பாவின் வாரிசுச் சான்றுக்கு எழுதிக்கொடுத்தேன். ‘சூசை மிக்கேலுக்கு மதலேனாள் ஒரே பிள்ளை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரிக்க வந்தவர் தெருவில் கேட்டார். தெரு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றது. வீடு முழுதும் என் பெயருக்கு மாறியது. வீட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்யவில்லை. அப்பா கூப்பிட்டபோது வராதவன் அப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்தேன். அதை நான் நினைத்ததோடு விட்டிருக்கலாம், சர்க்காருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

அதனால்தான் உனக்கு ஜாமீன் நிற்க முடியாமல் சாவி தேடினேன். வீட்டுக் காகிதத்தை நீட்டினால், நான் ஒரே பிள்ளை என்று அதில் இருக்கிறது. ஜாமீன் காகிதத்தில், அவன் என் தம்பி என்று எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கையால் ஒரே மேசையில் எப்படி வைப்பேன்? வைத்தால் பொய் எழுதிக் கொடுத்தவள் என்று என் மேல் கேஸு வரும், பாதி வீடு போகும். ஆன்லின் இந்த வீட்டை மகனுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ இருபத்தேழு வருடமாக இது தெரிந்தும் சும்மா இருந்தாயா? ஒரு சண்டைக்கு வரக்கூடாதா? வாசலில் நின்று நாலு வார்த்தை ஏசியிருந்தால் நானும் நாலு ஏசியிருப்பேன், தெருவும் கேட்டிருக்கும், இத்தனை நாளில் தீர்ந்திருக்கும். திருவிழாவில் எதிரில் வந்தபோதும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தாயா?

இப்போது நீயும் உறவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். நான் எழுதியது கோபத்தில். நீ எழுதியது எதில்?

அந்த ஜெயில் எது என்று சொல். ஈயத்தட்டு ஜெயில். அதைச் சொல்லாமல் நீ எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மதலேனாள்

*

பாளையங்கோட்டை
28.04.2025

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காளுக்கு. உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. இங்கே சாமியார் வந்து பூசை வைத்தார். நெஞ்சுச் சளி குறைந்திருக்கிறது.

கொல்லம். 1995. நாற்பது நாள்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி போட்டுக்காரர் வலை திருடு போனதாக எழுதிக்கொடுத்து, எங்கள் ஆட்கள் ஆறு பேரையும் பிடித்தார்கள். வலை பிறகு இன்னொரு போட்டில் கிடைத்தது. அதற்குள் நாங்கள் உள்ளே. ஜாமீன் கொடுத்தார்கள். அந்த ஊரில் வீடு உள்ள இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மற்ற ஐந்து பேருக்கும் அங்கே கல்யாணம் செய்த இடம், மாமன், மச்சான் என்று யாராவது இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்கு யார்? வீட்டுக்கு எழுதினால் அப்பாவுக்குத் தெரியும். ‘திருட்டுக் கேஸில் மகன்’ என்று தெரியும். அப்பா படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

கடைசியில் ஏலிக்குட்டி என்று ஒரு மீன்காரி. அவள் மகன் என் பக்கத்தில் படுத்திருந்தான். அவனுக்கு ஜாமீன் போடத் தன் அண்ணனோடு வந்தவள், இந்தப் பாண்டிக்காரனுக்கு யாரும் இல்லையா என்று கேட்டாள், தமிழனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் சேர்த்து இருவருமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குமுன் என் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

நவம்பர் ஆறாம் தேதி வெளியே வந்து பை எடுக்கப் போட்டு ஆபீசுக்குப் போனேன். மேசையில் மூன்று தந்தி வைத்திருந்தார்கள். எதை முதலில் பிரிக்க என்று தெரியாமல் மேலே இருந்ததைப் பிரித்தேன். அது கடைசித் தந்தி. அப்பா இறந்துவிட்டார் என்று. பிறகு ‘சீரியஸ்’ என்று ஒன்று. பிறகு ‘உடனே வா’ என்று ஒன்று. அப்படித்தான் படித்தேன்.

எட்டாம் தேதி அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ கதவைச் சாத்திவிட்டாய். வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். ஆன்லினுக்கு நீ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். தாய்மாமன் திருட்டுக் கேஸில் உள்ளே இருந்தான் என்று தெரு கேட்கச் சொல்ல வேண்டுமா? வராத தம்பி என்று இருப்பதே நல்லது என்று பட்டது. போய்விட்டேன். அதன் பிறகு சொன்னால் வீட்டுக்காகச் சொல்கிற மாதிரி இருக்கும்.

நீ கேட்டதால் எழுதினேன். மனு ஜூனில் வரும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

தம்பி கஸ்பார்

*

மிக்கேல்துறை
07.05.2025

சேசுவுக்கே புகழ்.

தம்பிக்கு, அக்காள் எழுதுவது. நான் சுகம். ஐயாவும் சுகமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பற்றி இப்போது எழுதவில்லை. அது எழுத்தில் முடியாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போனேன். கஸ்பாரின் ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்றேன். புதுச் சாமியார், சின்ன வயது. பழைய ஏட்டை எடுத்துத் தூசி தட்டி, 1963-ஐ விரலால் தேடினார். “தகப்பன் சூசை மிக்கேல், தாய் எலிசபேத், பிள்ளை கஸ்பார். ஞானத்தாய் ஊர்ல இல்லாததால பதிலுக்குப் பிள்ளையைப் பிடிச்சது மதலேனாள், வயசு பன்னெண்டு” என்று வாசித்தார். “யாரும்மா அது?” என்று கேட்டார். எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று ஊரே சொல்லும். இது எனக்கு நினைவில் இல்லை. எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நினைவு மறுபடியும் வந்தது. தண்ணீர் ஊற்றியதும் நீ கத்தி என் பாவாடையை நனைத்தாய்.

திங்கட்கிழமை வள்ளியூர் போய் வக்கீல் மேசையில் எல்லாக் காகிதத்தையும் வைத்தேன். “ஆச்சி, யோசிச்சுத்தான் செய்யுதியளா?” என்றார். “மொதல்ல தாலுகா ஆபீஸ்ல, நான் அன்னைக்குக் குடுத்தது தப்பு, தம்பி பேரைச் சேக்கணும்னு நீங்களே எழுதிக் குடுக்கணும். நோட்டீஸ் வரும். பாதி வீடு அவர் பேருக்குப் போகும். மிச்சப் பாதி மதிப்பு ஜாமீனுக்குப் போதும். ஆனா சும்மா இருந்தாலும் அவர் ஜூன்லயோ ஜூலைலயோ வெளிய வந்துருவாரு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“சும்மா இருந்தா அவன் யாரா வெளிய வருவான்?” என்று கேட்டேன். நீ கையெழுத்துப் போட்ட மனு எங்கே என்று கேட்டேன். இன்னும் கொடுக்கவில்லை, மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது என்றார். எடுத்துக் கிழிக்கச் சொன்னேன். “கச்சிக்காரர் அவருல்லா, அவரைக் கேக்காம எப்படி ஆச்சி கிழிக்க?” என்றார். “அப்பம் கேளும். கேக்குதவரை அந்த இழுப்பறையத் தொறக்காதேயும்” என்றேன்.

ஆன்லினுக்கு அன்று சாயங்காலம் சொன்னேன். “முப்பது வருசம் அவரு மொகத்தப் பாக்காம இருந்துட்டு, இப்பம் எம்மவன் எடத்தத் தூக்கிக் குடுக்கியா?” என்றாள். “ஒம்மவன் எடம் இல்லட்டி, ஒம் மாமன் எடம்” என்றேன். போனை வைத்துவிட்டாள். நாலு தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள், கோபத்தை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஏலிக்குட்டி இன்னும் இருக்கிறாளா? அவள் உனக்குக் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் ஏதாவது சொன்னாளா? தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காள் மதலேனாள்

*

பாளையங்கோட்டை
16.05.2025

சேசுவுக்கே புகழ்.

அக்காளுக்கு. சுகம்.

வேண்டாம் அக்கா. எழுபத்து நாலு வயதில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டாம். ஆன்லினைப் பகைக்க வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் இல்லை. மனுவை அப்படியே விடச் சொல்லி வக்கீலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஏலிக்குட்டியிடம் நானும் கேட்டேன். “எனிக்கு ஒரு கையெழுத்து கூடுதலா போட்டா கை ஒடிஞ்சு போவுமோ” என்றாள். 2003 வரை இருந்தாள்.

கஸ்பார்

*

மிக்கேல்துறை
14.06.2025

சேசுவுக்கே புகழ்.

தம்பிக்கு. நான் சுகம். இந்தக் கடிதம் நாங்குநேரி விலாசத்துக்கு வருகிறது. இதை உனக்கு முன்னால் படிக்க யாரும் இல்லை என்பது ஒரு மாதிரியாக இருக்கிறது. அந்த ஐயா இப்போது யார் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாரோ.

பீர் முகம்மதின் மருமகன் கடை மாடியில் தங்கியிருக்கிறாய், தினமும் காலை பத்தரைக்கு நாங்குநேரி ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறாய், முப்பது நாளைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு என்பதெல்லாம் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் உன்னை விட்டபோது ஜெயில் வாசலில் நான் இல்லையே என்று நினைத்தாயா? கோர்ட்டில் காலையிலிருந்து நின்று முழங்கால் வீங்கிவிட்டது. வக்கீல்தான் வண்டியில் போட்டு வீட்டில் விட்டார்.

நீ வேண்டாம் என்று எழுதியதை நான் கேட்கவில்லை, தாலுகா ஆபீசில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் எப்போது நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

மே இருபத்தொன்பதாம் தேதி விசாரணைக்குப் புது வி.ஏ.ஓ. வந்தாள். பிள்ளை நல்ல பிள்ளை, வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. தெருவில் நாலு பேரை நிறுத்திவைத்து, “சூசை மிக்கேலுக்கு எத்தன பிள்ளைங்க?” என்று கேட்டாள். எதிர்வீட்டு செலஸ்தீனாள் என் முகத்தைப் பார்த்தாள். 1996-லும் இப்படித்தான் பார்த்தாள். “என்ன சொல்லணும் மதலேன்?” என்று அந்தப் பிள்ளை முன்னாலேயே கேட்கிறாள்! முப்பது வருடம் இந்தத் தெருவை இப்படிப் பயங்காட்டி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன். “ரெண்டுன்னு சொல்லுட்டி! அவன் அம்மணமா ஓடும்போது நீதானட்டி பிடிச்சுக் குளிப்பாட்டுன!” என்று கத்தினேன். அதன் பிறகு தெருவுக்கு வாய் திறந்துகொண்டது. நீ தென்னைமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது, கோயிலில் முதல் அப்பம், புது நன்மை வாங்கின அன்றைக்கு ஓடிப்போனது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வி.ஏ.ஓ. எழுதிக் கை ஓய்ந்துபோனாள். “ஒரு ஆள் இருக்காருன்னு மட்டும் சொன்னாப் போதும் பாட்டி” என்றாள்.

அன்றைக்கே உன் பெயரைச் சேர்த்துச் சான்று வந்துவிடவில்லை. மனு நடக்கிறது. பொய் எழுதிக் கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். மனுக் கொடுத்த ரசீது, வி.ஏ.ஓ. எழுதிய பாதி வீட்டு மதிப்பு, ஞானஸ்நானச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி வள்ளியூர் கோர்ட்டுக்குப் போனோம். பீர் முகம்மது வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்து, “சாவி கெடச்சுட்டா?” என்றார். “கெடச்சுட்டுவே, பேசாம நில்லும்” என்றேன்.

நீதிபதி ஒரு பெண். சின்ன வயதுதான், கண்ணாடி போட்டிருந்தாள். காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

“கஸ்பாருக்கு நீங்க என்ன உறவு?”

“கூடப் பிறந்தவ.”

“1996 வாரிசுச் சான்றுல நீங்க ஒரே பிள்ளைன்னு இருக்கே?”

“இருக்கும்மா. நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

“ஏன்?”

எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். தந்தி, ஒன்பது நாள், அப்பா கேட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு, “கோவம்” என்றேன்.

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “இப்பம் கோவம் போயிட்டா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஆனா தம்பி.”

வாரிசு விஷயம் தாலுகா ஆபீஸ் பார்க்க வேண்டியது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி, ஜாமீன் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். உறவு என்ற இடத்தில் ‘உடன்பிறந்த சகோதரி’ என்று குமாஸ்தா எழுதியிருந்தார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். நீ ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வரவில்லை என்றால் என்னைப் பிடிப்பார்கள் என்று விளக்கிச் சொன்னார்கள். வருவான் என்றேன்.

பிறகு வக்கீல், நீ உறவு இல்லை என்று எழுதிக் கொடுத்த மனுவை என்னிடம் நீட்டி, “இனி இது வேண்டாம், நீங்களே கிழிங்க ஆச்சி” என்றார். கோர்ட்டு வாசலில் நின்று பைய, எட்டாகக் கிழித்தேன்.

ஆன்லின் இன்னும் பேசவில்லை. ஆறு வாரம் ஆகப்போகிறது. பேசுவாள், பேசாமலும் இருப்பாள். நோட்டீசுக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. அதெல்லாம் என் பாடு.

இப்போது கொல்லத்தைப் பற்றி எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உள்ளே நாற்பது நாள் இருந்தாய். ஒரு கார்டு அன்றைக்குப் பதினைந்து பைசா. ‘அக்கா, நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதக் கூடாதா? அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றால் எனக்கு எழுதக் கூடாதா? அந்தக் கார்டு வந்திருந்தால், ‘கஸ்பார் வந்துக்கிட்டு இருக்கான் அப்பா’ என்று அப்பாவின் காதில் நான் சொல்லியிருப்பேன். பொய்தான். ஆனால் அவர் அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். கொல்லத்துக்கு நானே பஸ் ஏறி வந்திருப்பேன். யாரோ ஒரு ஏலிக்குட்டி போட்ட கையெழுத்தை நான் போட்டிருப்பேன். நான் வரமாட்டேன் என்று நினைத்தாய், இல்லையா? அதற்கு உனக்கு மன்னிப்பு இல்லை.

முப்பது வருடம் தப்பான காரணத்துக்காக உன்மேல் கோபமாக இருந்துவிட்டேன். இப்போதுதான் சரியான காரணம் கிடைத்திருக்கிறது. எனக்கு வயது ஆகிவிட்டது, தூரத்தில் இருப்பவனிடம் கோபித்துக்கொள்ள இனித் தெம்பு இல்லை. முப்பது நாள் கையெழுத்து முடிந்ததும் நேரே இங்கே வா. உன் பாதியில் இரு. பக்கத்தில் இருந்தால் தினமும் காலையில் எழுந்ததும் ஏசுவதற்கு எனக்கும் வசதி.

செருப்பு இருக்கிறதா, இல்லை வேறு வாங்கி வைக்கட்டுமா?

அக்காள்
மதலேனாள்